லினக்ஸ் எங்கேயும் போகவில்லை

“விண்டோஸ் மறுபடி போட்டேன், லினக்ஸ் அழிஞ்சு போச்சு.” ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இதைச் சொல்லியே தீருவார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பெரும்பாலும் உண்மையில்லை. விண்டோஸ் இன்ஸ்டாலர் நாம் கைகாட்டிய பார்ட்டிஷனைத்தான், அதாவது டிஸ்கின் அந்த ஒரு பகுதியைத்தான் ஃபார்மட் செய்யும். பக்கத்துப் பார்ட்டிஷனில் இருக்கும் லினக்ஸை அது தொடுவதில்லை. ஆனால் லினக்ஸ் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சி, டி என்று டிரைவ் வரிசையில் அது தென்படாது. தென்படவில்லை என்பதை வைத்துத்தான் அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

கணினியை ஆன் செய்ததும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கும். அங்கே இப்போது வேறு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. அதைத் திருத்தினால் போதும். ஆனால் பதற்றத்தில் லினக்ஸ் பென்டிரைவைச் செருகி அதையும் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். ‘எரேஸ் டிஸ்க்’ என்ற இடத்தில் கை படுவது அப்போதுதான். நான் பார்த்தவரை கோப்புகளை இழந்தவர்கள் பலரும் சரிசெய்யப் போய்த்தான் இழந்தார்கள். ஆகவே யாராவது எனக்கு ஃபோன் செய்தால் முதலில் சொல்வது, எதையும் தொடாதே என்பதுதான். அடுத்த கேள்வி, உன் கணினி பழைய பயாஸ் முறையா, புதிய யூஇஎஃப்ஐ முறையா என்பது. இரண்டும் ஆன் செய்ததும் முதலில் ஓடி இயங்குதளத்தை எழுப்பும் மதர்போர்டு நிரல்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே தட்டினால் பிரச்சினை இரண்டாகும்.

பழைய முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டார் 512 பைட். எம்பிஆர் என்பது இதுதான். இதில் 446 பைட் பூட் செய்யும், அதாவது இயங்குதளத்தை எழுப்பும் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் ‘இது செல்லும்’ என்ற முத்திரைக்கு. 446 பைட்டில் ஒரு மெனுவைக்கூட வரைய முடியாது. அதனால் லினக்ஸோடு வரும் பூட்லோடரான (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) கிரப் தன் முதல் துணுக்கை மட்டும் அங்கே வைத்துவிட்டு, அடுத்த பகுதியை எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் செக்டார்களில் போட்டு வைக்கும். மெனு, எழுத்துரு, அமைப்புக் கோப்பு எல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும். விண்டோஸ் 7 இன்ஸ்டாலர் வரும்போது அந்த 446 பைட்டை யாரையும் கேட்காமல் தன்னுடையதால் மாற்றி எழுதிவிடும். மீதி எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் அங்கே போக முதல் படி இருக்காது.

கிரப்புக்கு முன்பு அதே வேலையை லிலோ செய்தது. லினக்ஸின் மையமான கர்னல் கோப்பு டிஸ்கில் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். கர்னலை மாற்றிவிட்டு லிலோவை ஒருமுறை ஓட்ட மறந்தால் அடுத்த பூட்டில் நின்றுவிடும். தன் பெயரையே ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் எழுதிக்கொண்டு வரும். எந்த எழுத்தில் நின்றது என்பதை வைத்து எந்தக் கட்டத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். இதைவிடச் சிக்கனமான பிழைச் செய்தியை நான் இதுவரை பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் நிறையப் பேர் இரட்டை பூட் மெனுவை முதன்முதலில் பார்த்தது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில்தான். 2011-இல் தொடங்கிய திட்டம் அது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாட்டும் படமும் போதும், ஆன் செய்ததும் வரும் அந்தக் கறுப்புத் திரை எதற்கென்று யாரும் சொல்லித்தரவில்லை. வைரஸ் வந்ததும் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள், கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், மெனு மறைந்தது. யாரும் வருத்தப்படவில்லை. எங்கள் தெருவில் அப்படியொரு லேப்டாப்பைப் பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தேன். பாஸ் அதே இடத்தில் முழுசாக இருந்தது. பூட் பகுதியைத் திரும்ப எழுதியதும் எழுந்து வந்தது.

அதைச் செய்யும் முறை இன்றும் அதேதான். கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். டிஸ்கில் எதையும் போடாமல் லினக்ஸை ஓட்டும் ஒரு லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்தால் டிஸ்குகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். லினக்ஸ் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து மவுண்ட் செய்து (திறந்து இணைத்து), டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் மூன்றையும் அதற்குள் பைண்ட் செய்து, ‘சிரூட்’ போட்டு அந்த லினக்ஸுக்கு உள்ளே போக வேண்டும். அப்புறம் ‘கிரப்-இன்ஸ்டால்’, அதன்பின் ‘அப்டேட்-கிரப்’. பயாஸ் முறையில் கிரப்-இன்ஸ்டாலுக்கு முழு டிஸ்கின் பெயரைத் தர வேண்டும். எஸ்டிஏ என்று தர வேண்டிய இடத்தில் எஸ்டிஏ5 என்று தந்தால் அது பார்ட்டிஷனின் தலையில் போய் உட்காரப் பார்க்கும், எம்பிஆரில் ஒன்றும் மாறாது. ஒரு எண் கூடுதலாக விழுந்ததால் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் வந்து நிற்பது வேறு கதை. இங்கே கிரப்பின் முதல் பகுதி உயிரோடுதான் இருக்கிறது, தன் மிச்சம் எங்கே என்று தேடி அலைகிறது. பழைய எம்பிஆர் டிஸ்கில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் 5-இலிருந்து தொடங்கும். விண்டோஸ் போடும்போது 5-ஐ அழித்தால் 6-ஆக இருந்த லினக்ஸ் 5-ஆகிவிடும். கிரப்புக்கு அது தெரியாது, ‘அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை’ என்று நின்றுவிடும். ரெஸ்க்யூ திரையிலேயே ‘எல்எஸ்’ போட்டு ஒவ்வொரு பார்ட்டிஷனாக எட்டிப் பார்க்கலாம். பூட் ஃபோல்டர் இருக்கும் இடம் தெரிந்ததும் ‘ப்ரிஃபிக்ஸ்’ என்ற மாறியை அங்கே திருப்பி, ‘இன்ஸ்மாட் நார்மல்’, பிறகு ‘நார்மல்’ கொடுத்தால் மெனு வந்துவிடும். லினக்ஸுக்குள் போனபின் கிரப்-இன்ஸ்டால் செய்துகொண்டால் நிரந்தரமாகிவிடும். பென்டிரைவே தேவையில்லை. முதல்முறை இது வேலை செய்யும்போது கிடைக்கும் மகிழ்ச்சி கொஞ்சம் அளவு மீறியதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, புதிய முறைக்கு வருவோம். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து விற்கும் கணினிகளில் பெரும்பாலும் யூஇஎஃப்ஐதான். இதில் 446 பைட் சண்டை கிடையாது. பூட் கோப்புகளுக்கென்றே இஎஸ்பி என்று ஒரு சின்ன பார்ட்டிஷன், ஃபேட்32 கோப்பு முறையில் இருக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒன்று, டெபியனுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு இடம். இது தவிர, மதர்போர்டில் இருக்கும் நினைவகத்தில் ஒரு பட்டியல். யார் யார் இருக்கிறார்கள், எந்த வரிசையில் கூப்பிட வேண்டும் என்ற விவரம் அதில். விண்டோஸை மறுபடி போட்டால் அது தன் ஃபோல்டரைப் புதுப்பித்துக்கொண்டு, பட்டியலில் தன் பெயரை முதலிடத்துக்கு ஏற்றிக்கொள்ளும். இஎஸ்பியை அழிக்காதவரை லினக்ஸின் ஃபோல்டர் அங்கேயே இருக்கும்.

அதனால் யூஇஎஃப்ஐ கணினியில் முதல் சோதனைக்கு டெர்மினலே வேண்டாம். ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். அங்கே ‘உபுண்டு’ என்றோ ‘டெபியன்’ என்றோ பெயர் தெரிந்தால் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் வரும். உள்ளே போய் ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ என்ற கருவியில் வரிசையை மாற்றினால் வேலை முடிந்தது. சில லேப்டாப்புகளில் பயாஸ் திரையிலேயே மேலே கீழே நகர்த்தலாம். விண்டோஸுக்குள் இருந்தபடியேகூட, ரிக்கவரி பகுதியில் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப் போய், ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதில் அதே பட்டியலைப் பார்க்கலாம். இவ்வளவு எளிதாக முடிகிற விஷயத்துக்குத்தான் பலர் முழு டிஸ்கையும் அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் பெயரே இல்லையென்றால்தான் வேலை. என் அக்கா மகன் விஷயத்தில் அதுதான் நடந்தது. திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறான், லேப்டாப்பில் விண்டோஸ் 11-ம் டெபியன் 12-ம் வைத்திருந்தான். விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று போனதால் ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். அவர்கள் விண்டோஸ் பார்ட்டிஷனோடு சுற்றியிருந்த ‘சின்னச் சின்ன’ பார்ட்டிஷன்களையும் அழித்து, அந்தக் காலி இடத்தில் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி வீடியோ அழைப்பில் வந்தான்.

“மாமா, லினக்ஸ் போயிடுச்சு. ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு. டெபியனை மறுபடி போட்டுடவா?”

“போடாதே. பென்டிரைவ்ல லைவ் மட்டும் பூட் பண்ணு. இன்ஸ்டால்ங்கிற பக்கமே போகாதே.”

லைவ் வந்ததும் சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை என்றான். அதாவது லேப்டாப் யூஇஎஃப்ஐ, பென்டிரைவ் மட்டும் பழைய முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாக வரும், முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கிரப்-இன்ஸ்டால் கொடுத்தால், ஜிபிடி (எம்பிஆருக்குப் பதில் வந்த புதிய பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்கில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை, பதிக்க முடியாது என்று ஒரு நீளமான புகார் வரும். அந்தப் புகாரை வைத்துத் தேடினால் புது பார்ட்டிஷன் உருவாக்கச் சொல்வார்கள், உருவாக்கப் போனால் ஏற்கெனவே இருப்பதில் கை வைக்க வேண்டிவரும். ரீபூட் செய்து சரியான வரியை எடுத்தான். ஃபோல்டர் இருந்தது.

லினக்ஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ததும் அவன் ஹோம் ஃபோல்டர் அப்படியே தெரிந்தது. வேறு எதையும் செய்வதற்கு முன் ப்ராஜெக்டை எக்ஸ்டெர்னல் டிஸ்குக்குக் காப்பி எடுக்கச் சொன்னேன். இதற்கு அப்புறம் அவன் குரலே மாறிவிட்டது, எனக்கும் நிம்மதி. கோப்புகள் வெளியே வந்துவிட்டால் பூட்லோடர் வேலை வெறும் விளையாட்டுதான்.

பழைய இஎஸ்பி போய்விட்டது, விண்டோஸ் தனக்காகப் புதிதாக 100 எம்பியில் ஒன்று உருவாக்கியிருந்தது. அதையே லினக்ஸின் பூட் இஎஃப்ஐ ஃபோல்டரில் மவுண்ட் செய்து சிரூட் போனோம். பைண்ட் செய்யும்போது சிஸ்ஸுக்கு மட்டும் ‘ஆர்பைண்ட்’ கொடுக்க வேண்டும், அப்போதுதான் மதர்போர்டின் பட்டியலும் சேர்ந்து உள்ளே தெரியும். இல்லாவிட்டால் ‘இஎஃப்ஐ வேரியபிள்கள் இந்தக் கணினியில் இல்லை’ என்று வரும். உள்ளே கிரப்-இன்ஸ்டால். யூஇஎஃப்ஐயில் டிஸ்க் பெயர்கூடத் தர வேண்டியதில்லை, இஎஸ்பி சரியான இடத்தில் மவுண்ட் ஆகியிருந்தால் போதும். டெபியன் என்ற ஃபோல்டர் திரும்ப வந்தது, பட்டியலில் பெயரும் ஏறியது.

இத்தோடு ரீபூட் செய்திருந்தால் மெனு வந்திருக்கும், ஆனால் டெபியன் வந்திருக்காது. எந்தெந்த பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் பழைய இஎஸ்பியின் யூயூஐடி, அதாவது அடையாள எண், எழுதியிருக்கிறது. அந்த பார்ட்டிஷன் இப்போது உலகத்திலேயே இல்லை. லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அதற்காக ஒன்றரை நிமிஷம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் தள்ளிவிடும். கிரப் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் வரவில்லை என்று குழம்பி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள் நிறைய. ‘பிஎல்கேஐடி’ கொடுத்தால் புதிய எண் கிடைக்கும். ஃபேட் பார்ட்டிஷன் என்பதால் நாலும் நாலுமாக எட்டே எழுத்து, நடுவில் ஒரு கோடு. அதை எஃப்எஸ்டாப்பில் மாற்றினான். இரண்டாவது லினக்ஸ் போடும்போது பொதுவான ஸ்வாப் பார்ட்டிஷனை இன்ஸ்டாலர் ஃபார்மட் செய்துவிட்டால், முதல் லினக்ஸ் பூட் ஆகும்போது இதே மாதிரி ஒன்றரை நிமிஷம் தூங்குவதும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்றும் பாக்கி. அப்டேட்-கிரப் ஓடியபோது டெபியன் மட்டும் வந்தது, விண்டோஸ் வரவில்லை. கிரப் 2.06 பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம். சரியான முடிவாகவே இருக்கலாம், ஆனால் இரட்டை பூட் வைத்திருப்பவர்களை அது படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஈடிசி, டிஃபால்ட், கிரப் என்ற கோப்பில் அதற்கான வரி முன்னால் ஒரு ஹாஷ் குறியோடு இருக்கிறது. குறியை எடுத்துவிட்டு மறுபடி அப்டேட்-கிரப் கொடுத்ததும் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று ஒரு வரி சேர்ந்தது. அதற்கப்புறம் ரீபூட்.

மறுநாள் காலையில் “விண்டோஸ்ல மணி தப்பா காட்டுது மாமா” என்று செய்தி. ஐந்தரை மணி நேரம் பின்னால். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பும். ‘டைம்டேட்சிடிஎல்’ மூலம் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இதெல்லாம், நம்பகமான கையொப்பம் உள்ள பூட் நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் சும்மா இருந்தால். 2024 ஆகஸ்ட் மாதத்தில் நடந்ததை மறக்க முடியாது. அந்த மாத விண்டோஸ் அப்டேட் வந்ததும் பல இடங்களில் லினக்ஸ் பூட் ஆகாமல், ‘ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது’ என்ற பொருளில் ஒரு செய்தியும் எஸ்பாட் என்ற சொல்லும் காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. எஸ்பாட் என்பது பலவீனமுள்ள பழைய பூட்லோடர்களைத் தடுப்பதற்கான பட்டியல். கிரப்பில் 2022-இல் பதிவான ஒரு ஓட்டையை அடைக்கத்தான் அனுப்பினார்கள். இரட்டை பூட் கணினிகளில் இது செயல்படாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது, ஆனால் எல்லா வகை இரட்டை பூட்டையும் அந்தச் சோதனை கண்டுபிடிக்கவில்லை. இங்கேயும் லினக்ஸ் பத்திரமாகத்தான் இருந்தது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், ‘மோக்யூட்டில்’ கருவியில் எஸ்பாட் கொள்கையை அழிக்கச் சொல்லி, ரீபூட் செய்து, திரும்ப ஆன் செய்தால் சரி.

செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன், விண்டோஸ் டிஸ்கை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கரின் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள். பூட் வழியில் மாற்றம் தெரிந்தால் விண்டோஸ் 48 இலக்க எண்ணைக் கேட்கும். என்கிரிப்ஷனே போடவில்லையே என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்புகளில் அது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். கடைக்காரர் வேலையைச் சீக்கிரம் முடிக்கத் தன் கணக்கில் நுழைந்து அமைத்துக் கொடுத்திருந்தால், உங்கள் டிஸ்கின் சாவி அவர் கணக்கில் இருக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு, லினக்ஸ் போட்டதும் விண்டோஸ் காணோம் என்பது. பெரும்பாலும் மேலே சொன்ன ஓஎஸ்-ப்ரோபர் விவகாரம்தான். லினக்ஸ் இன்ஸ்டாலர் இஎஸ்பியை ஃபார்மட் செய்திருந்தால் மட்டும் விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட் எஃப்10 தட்டி, டிஸ்க்பார்ட்டில் இஎஸ்பிக்கு ஓர் எழுத்து கொடுத்து, விண்டோஸ் பூட் கோப்புகளைத் திரும்ப எழுதும் ‘பிசிடிபூட்’ ஓட்டினால் போதும். ‘பூட்ரெக் ஃபிக்ஸ்பூட்’ கொடுத்து ‘அக்சஸ் டினைடு’ என்று வந்து அதையே துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

பூட்-ரிப்பேர் என்று ஒரு தயார்நிலைக் கருவி இருக்கிறது. அது தரும் அறிக்கை அருமையானது, டிஸ்கில் என்ன எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் ‘பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கம்’ என்ற பொத்தானை நான் அழுத்துவதில்லை. வரிசையை மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் அது கிரப்பையே பிடுங்கி நட்டுவிடும்.

சில லேப்டாப்புகள் எவ்வளவு சொன்னாலும் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தவிர வேறு யாரையும் கூப்பிடாது. வரிசையை மாற்றினாலும் அடுத்த ரீபூட்டில் பழையபடி ஆகிவிடும். அப்போது விண்டோஸில் அட்மின் உரிமையோடு ‘பிசிடிஎடிட்’ திறந்து, பூட் மேனேஜரின் பாதையை, கிரப்பை எழுப்பும் லினக்ஸின் ஷிம் கோப்புக்குத் திருப்பிவிடலாம். அழகான தீர்வு இல்லை. பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தால் கலைந்துவிடவும் கூடும். முடிந்தவர்கள் இரண்டு இயங்குதளங்களையும் தனித்தனி டிஸ்கில் வைப்பதுதான் நல்லது. அதிலும் விண்டோஸ் போடும்போது லினக்ஸ் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் இஎஸ்பியில் தன் பூட் கோப்புகளைப் போட்டுவிட்டு, பின்னால் அந்த டிஸ்கைக் கழற்றும் நாளில் விண்டோஸும் எழ மறுக்கும்.

ஒரே டிஸ்க் உள்ளவர்கள், கடையில் கொடுக்கும் முன் எல்எஸ்பிஎல்கே காட்டும் பட்டியலை ஒரு தாளில் எழுதி, எந்த பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்யலாம் என்று வட்டம் போட்டுக் கொடுங்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள். அக்கா மகன் இப்போது கடைக்கே போவதில்லை, ஹாஸ்டலில் மற்றவர்களின் லேப்டாப்புக்கு அவன்தான் கிரப் போட்டுக் கொடுக்கிறான், ஆளுக்கொரு பரோட்டா செட் கூலி.